மூலை வெட்டிய பஞ்சு

வெந்தெலை வீட்டுக்கு அனுப்பும்போது
செகெத் ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள்.
முன்பக்கம் மாத்திரைகள்.
பின்பக்கம் முழுக்க என் சமையலறை.

பாத்திரம் தேய்க்கும் பஞ்சில்
கழிப்பறையைவிட அதிகக் கூட்டம், என்றாள் பிரோஷ்கா,
ரயில் நேரம் அறிவிக்கிறவளைப் போல.
புது மஜ்ஜை இன்னும் வேர்பிடிக்கவில்லை.
அவருடைய வெள்ளணுக்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
ஒரு தும்மல்கூட வாசல் தாண்டக் கூடாது.

முப்பது வருஷம் சமைத்த கை
அன்றைக்குக் கூண்டில் ஏறியது.

முதல் ஞாயிறு.
நனைத்த பஞ்சை மைக்ரோவேவில் இரண்டு நிமிடம், என்றது தாள்.
நனைத்த என்ற சொல்லை
என் கண் தாண்டிப் போயிருக்கிறது.
காய்ந்த பஞ்சு புகைந்து, கருகி,
ரப்பர் நாற்றம் படியேறிப் போய்
மேல்மாடி காஷ்பார் தீயணைப்பானோடு
உள்ளாடையில் வந்து நின்றார்.
வாசலைத் தாண்டாதீர்கள் என்று கத்தினேன்.
படுக்கையறையில் ஒரு சத்தம்.
இருமல் என்று ஓடினால்
சிரிப்பு.
நாற்பத்தோரு நாளில் முதல் தடவை.

மரப்பலகையை ஜன்னலில் சாய்த்துப் பார்த்தேன்.
குறுக்கும் நெடுக்கும் கத்தி போன தடங்கள்,
தடம் முழுக்கப் பாப்ரிகாச் சிவப்பு.
திசா ஆற்றுக் கெண்டைகள் எத்தனை,
அழவைத்த வெங்காயங்கள் எத்தனை.
போன வருஷம் கேட்டிருந்தால்
அழகு என்றிருப்பேன்.
இப்போது அது ஓர் ஊர் வரைபடம்,
சந்துக்குச் சந்து ஆள் ஒளிந்திருக்கும் ஊர்.
பால்கனிக்கு அனுப்பினேன்.
அதன்மேல் ஜெரேனியத் தொட்டி இருக்கிறது,
புகார் ஏதுமில்லை.

புதிதாக இரண்டு பிளாஸ்டிக் பலகைகள்.
இறைச்சிக்குச் சிவப்பு, காய்க்கு வெள்ளை.
முதலில் சோப்பு, வெந்நீர்.
அழுக்கின்மேல் ஊற்றும் ப்ளீச்
அழுக்கோடுதான் சண்டை போடும்.
அதற்குப் பிறகு
நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி,
சில நிமிடம் பொறுமை, நல்ல தண்ணீர்,
ஒன்றை ஒன்று தொடாமல் நிமிர்த்தி வைத்தால்
முகம் பார்க்காத அக்கா தங்கைகள் மாதிரி
நின்றே காயும்.
எலுமிச்சையும் உப்பும் போதாதா என்றாள் எதெல்கா.
வாசனை போகும், எதெல்கா.
வாசனை மட்டும் போகும்.

பஞ்சுக்கு வயது சொல்லத் தெரியாது.
அதனால் கத்தரிக்கோல்.
ஒரு வாரம் முடிந்தால் ஒரு மூலையை வெட்டுவேன்,
அது தொட்டிக்கு.
இன்னொரு மூலை போனால் குளியலறைத் தரைக்கு.
மூன்றாவதுக்குக் குப்பை.
முகமூடிக்கு மேலே இரண்டு கண்ணாக
வெந்தெல் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.
இடுப்பெலும்பில் என்னையும்தான்
மூலை வெட்டி எடுத்தார்கள்,
நான் இப்போது எந்த வாரம், என்றார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
கத்தரிக்கோலை இழுப்பறையில் வைத்தேன்.
இரவு எல்லோரும் தூங்கிய பிறகு வெட்டினேன்.
எல்லோரும் என்றால் அவர் ஒருவர்.

நூற்றுமூன்றாம் நாள்
பிரோஷ்கா தொலைபேசியில் ஓர் எண் சொன்னாள்.
இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.
கழுவித் தோலுரித்தால்
தக்காளி தின்னலாம் என்றாள்,
வேகவைக்காத தக்காளி.

மார்ஸ் சதுக்கச் சந்தையில்
காயமில்லாத ஒன்றைத் தேடுவதற்குள்
கடைக்காரி என்னைத் திருடி என்று நினைத்துவிட்டாள்.
தோலை நான் உரித்தேன்.
கத்தியை அவர் கேட்டார்.
கை நடுங்கியது, பழம் வழுக்கியது,
கத்தி பலகையில் இறங்கிவிட்டது.
வெள்ளையில் ஒரு கோடு.
மயிரிழைதான்.

ஐயோ, உன் பலகை, என்றார்
வாய் நிறைய தக்காளியோடு.
சாறு கழுத்துவரை வழிந்தது.
துடைக்க எடுத்த துணி
கொதிக்கவைத்த துணிதானா என்று
ஒரு கணம் யோசித்தேன். ஆம், அதுதான்.

கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன்.
தட்டுப்பட்டது.
கோடுகள் ஆழமானால் பலகையை மாற்று
என்று தாளில் இருக்கிறது.
எவ்வளவு ஆழம் என்று இல்லை.